இருசக்கர வாகன விபத்தும் இழப்பீட்டுக் கோரிக்கையும்: காட்டுப்பாக்கம் வட்டாரத்தை முன்வைத்து ஒரு விளக்கம்

ஆய்வுச்சுருக்கம்

மோட்டார் வாகனச் சட்டம், 1988 சாலை விபத்தில் பாதிக்கப்பட்டோருக்கு இழப்பீடு பெறும் உரிமையை அளிக்கிறது. இருசக்கர வாகனத்தில் சென்றவர் அடிபடும்போது கிடைக்கும் தொகை காயத்தின் கடுமையால் மட்டும் முடிவாவதில்லை. அவர் வண்டியில் எந்த இடத்தில் அமர்ந்திருந்தார், விபத்தைப் பற்றிய முதல் ஏடுகள் எந்தச் சொற்களில் எழுதப்பட்டன, அவருடைய உழைப்பு எந்த அளவுக்குச் சான்றாக முன்வைக்கப்பட்டது ஆகியவை அத்தொகையைப் பன்மடங்கு ஏற்றவோ இறக்கவோ செய்கின்றன. சென்னையின் மேற்குப் புறநகரான காட்டுப்பாக்கத்தைக் களமாகக் கொண்டு, சட்டப் பிரிவுகள், உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள், தமிழ்நாட்டு நீதிமன்ற நடைமுறை ஆகியவற்றின் துணையுடன் இக்கட்டுரை இதனை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: இழப்பீடு, மூன்றாம் தரப்புக் காப்பீடு, கவனக்குறைவு, பெருக்கெண், தொழில்வழி இயலாமை, உத்தேச வருமானம்.

முன்னுரை

போரூரிலிருந்து பூந்தமல்லி நோக்கிச் செல்லும் மவுண்ட்–பூந்தமல்லி சாலையில் ஐயப்பன்தாங்கலுக்கும் குமணன்சாவடிக்கும் இடையே காட்டுப்பாக்கம் அமைந்துள்ளது. திருவள்ளூர் மாவட்டத்தைச் சேர்ந்த இவ்வூர், சென்னையில் வேலை செய்வோரின் குடியிருப்பாக மாறி நெடுநாளாகிறது. கலங்கரை விளக்கத்தையும் பூந்தமல்லியையும் இணைக்கும் மெட்ரோ இரயிலின் நான்காம் வழித்தடம் இச்சாலையின் மேலேயே செல்கிறது. காட்டுப்பாக்கத்திற்கென ஒரு நிலையமும் உண்டு. அப்பணிக்காகச் சாலையின் நடுவே தடுப்புகள் நின்ற காலத்தில் பேருந்து, சரக்கு வண்டி, தண்ணீர் லாரி, ஆட்டோ, இருசக்கர வாகனம் அனைத்தும் குறுகிய தடத்தில் நெருக்கியடித்துச் சென்றன. இச்சாலையை நாள்தோறும் இருசக்கர வாகனத்தில் கடப்போருள் கட்டடத் தொழிலாளர், உணவு கொண்டு சேர்ப்போர், கடைப் பணியாளர், சிறு வணிகர் எனச் சம்பளச் சீட்டு இல்லாதோர் பலர். இழப்பீட்டுச் சட்டம் சோதனைக்குள்ளாவது இத்தகையோரின் வழக்குகளில்தான்.

இழப்பீடு, நிவாரணம், காப்பீட்டுத்தொகை

விபத்துக்குப் பின் கிடைக்கும் பணத்தைக் குறிக்கப் பேச்சுவழக்கில் 'நஷ்டஈடு', 'நிவாரணம்', 'இன்சூரன்ஸ் பணம்' ஆகிய சொற்கள் ஒன்றுபோல வழங்குகின்றன. சட்டத்தில் இவை வேறுவேறானவை. நிவாரணம் அரசு மனமுவந்து வழங்குவது. அதனைக் கோரி நீதிமன்றம் செல்ல இயலாது. காப்பீட்டுத்தொகை ஒப்பந்தத்தின்படி கிடைப்பது. ஒப்பந்தத்தில் எழுதப்பட்ட தொகைக்கு மேல் ஒரு ரூபாயும் வாராது. இழப்பீடு என்பது ஒருவரின் தவறால் மற்றொருவர் இழந்ததைப் பணத்தால் இயன்றவரை ஈடுசெய்வது. அதற்கு மேல்வரம்பு இல்லை. ஆனால் இழப்பையும் தவறையும் காட்ட வேண்டும்.

முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கெனத் தமிழ்நாடு அரசு 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டம் இம்மூன்றிலும் அடங்காத ஒரு மருத்துவ உதவி. அத்திட்டத்தின்கீழ்ச் சிகிச்சை பெற்றதனால் இழப்பீட்டு உரிமை குறைவதில்லை. இந்த வேறுபாட்டை அறியாமல், 'மருத்துவமனைச் செலவை அரசே ஏற்றுவிட்டது, இனி என்ன கேட்பது' என்று இருந்துவிடும் குடும்பங்கள் உண்டு.

சட்டத்தின் வரலாறு

இந்தியாவில் உயிரிழப்புக்கு இழப்பீடு கோரும் உரிமை 1855ஆம் ஆண்டின் கொடிய விபத்துகள் சட்டத்திலிருந்து தொடங்குகிறது. மூன்றாம் தரப்புக் காப்பீட்டைக் கட்டாயமாக்கிய 1939ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் அத்தியாயம் 1946 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்தது. உரிமையியல் நீதிமன்றங்களின் காலத்தாழ்ச்சியைத் தவிர்க்கக் கோரிக்கைத் தீர்ப்பாயங்கள் 1956ஆம் ஆண்டுத் திருத்தத்தால் உருவாயின. தவறு யாருடையதாயினும் ஒரு சிறு தொகையை வழங்கும் முறை 1982இல் சேர்ந்தது. இப்போதுள்ள 1988ஆம் ஆண்டுச் சட்டம் 2019இல் பெரிதும் திருத்தப்பட்டது. இழப்பீடு தொடர்பான திருத்தங்கள் 2022 ஏப்ரல் 1 முதல் செயலுக்கு வந்தன. பழைய 140, 163-ஏ பிரிவுகள் நீங்கி, புதிய 164ஆம் பிரிவு வந்தது. தவறை மெய்ப்பிக்காமலே உயிரிழப்புக்கு 5 இலட்சம் ரூபாயும் கொடுங்காயத்திற்கு 2.5 இலட்சம் ரூபாயும் பெற இப்பிரிவு வழிசெய்கிறது.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவைப்படுகிறது. 164ஆம் பிரிவின்படியான தொகையை 149ஆம் பிரிவின் நடைமுறைப்படி ஏற்றுக்கொண்டவரின் கோரிக்கை மனு காலாவதியாகிவிடும் என 166ஆம் பிரிவின் காப்புரை கூறுகிறது. மருத்துவமனைப் படுக்கையில் இருப்பவருக்கு உடனடியாகக் கிடைக்கும் 2.5 இலட்சம் பெரிதாகத் தோன்றும். பின்னர் நிலைத்த இயலாமை ஏற்பட்டால் அதற்கான பெருந்தொகையைக் கேட்கும் வாயில் அதனால் அடைபட்டிருக்கும்.

வண்டியில் அமர்ந்த இடம்

இழப்பீட்டுச் சட்டத்தின் மையச்சொல் 'மூன்றாம் தரப்பினர்' என்பதாகும். காப்பீட்டு ஒப்பந்தத்தின் இரு தரப்பினர் காப்பீட்டு நிறுவனமும் வாகன உரிமையாளரும். ஏனையோர் மூன்றாம் தரப்பினர். சாலையில் நடந்து சென்றவரை ஒரு மோட்டார் சைக்கிள் மோதினால் அவர் ஐயத்திற்கிடமின்றி மூன்றாம் தரப்பினர். மோட்டார் சைக்கிளில் சென்றவரை லாரி மோதினால், லாரியின் காப்பீட்டைப் பொறுத்தவரை அவரும் மூன்றாம் தரப்பினரே. சிக்கல் எழுவது, வேறெந்த வண்டியும் மோதாமல் இருசக்கர வாகனம் தானே சறுக்கி விழும்போது.

அவ்வாறு விழுந்தவர் வண்டியின் உரிமையாளரானால், தம் தவறுக்காகத் தம்மிடமே இழப்பீடு கோர இயலாது. அவருக்கு மிஞ்சுவது உரிமையாளர்–ஓட்டுநர் தனிநபர் விபத்துக் காப்பீடு மட்டும். இருசக்கர வாகனத்திற்கு 1 இலட்சமாக இருந்த அத்தொகை 2018இல் 15 இலட்சமாக உயர்த்தப்பட்டது. செல்லத்தக்க ஓட்டுநர் உரிமம் இருந்தால்தான் அது கிடைக்கும். இது ஒப்பந்தத்தொகை என்பதால் இறப்பும் ஒப்பந்தத்தில் குறிப்பிட்ட நிலைத்த இயலாமைகளுமே இதில் அடங்கும். எலும்பு முறிந்து ஆறு மாதம் வேலைக்குப் போகாதவர் இதில் எதையும் பெறுவதில்லை.

இரவல் வண்டியில் சென்று விழுந்தவரின் நிலை இதனினும் மெலிந்தது. நண்பரின் மோட்டார் சைக்கிளை வாங்கி ஓட்டியவர் முன்சென்ற மாட்டுவண்டியில் மோதி இறந்த நிங்கம்மா வழக்கில் (2009), வண்டியை இரவல் பெற்றவர் உரிமையாளரின் இடத்தில் நிற்கிறார் என உச்ச நீதிமன்றம் கூறியது. அக்காலத்திலிருந்த 163-ஏ பிரிவின்கீழ் அவர் மூன்றாம் தரப்பினராகக் கருதப்படவில்லை. 2020இல் ராம்கிலாடி வழக்கிலும் இக்கருத்தே உறுதியாயிற்று. அண்ணன் வண்டியைத் தம்பியும், மேஸ்திரி வண்டியைச் சித்தாளும் எடுத்துச் செல்வது வழக்கமான ஊரில் இதன் விளைவு சிறிதன்று.

பின்னிருக்கைப் பயணியின் நிலை காப்பீட்டின் வகையைப் பொறுத்தது. 'தேர்டு பார்ட்டி' எனப் பேச்சுவழக்கில் வழங்கும், சட்டம் கட்டாயமாக்கிய குறைந்தபட்சக் காப்பீடு மட்டும் உள்ள வண்டியில், இலவசமாகப் பின்னால் அமர்ந்து சென்றவருக்கு அவ்வண்டியின் காப்பீட்டு நிறுவனம் பொறுப்பாகாது என்பது திலக் சிங் வழக்கின் (2006) முடிவு. முழுமைக் காப்பீடு இருந்தால் அவர் உள்ளடங்குவார் எனப் பாலகிருஷ்ணன் வழக்கில் (2012) உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. ஆகவே, கணவர் ஓட்டிய வண்டி பள்ளத்தில் சறுக்கி, பின்னால் இருந்த மனைவியின் கால் முறிந்தால், அக்குடும்பத்திற்குக் கிடைப்பது அவ்வாண்டு எந்தக் காப்பீடு எடுக்கப்பட்டது என்பதைப் பொறுத்தது. 2018 செப்டம்பர் முதல் புதிய இருசக்கர வாகனங்களுக்கு ஐந்தாண்டு மூன்றாம் தரப்புக் காப்பீடு கட்டாயம். உச்ச நீதிமன்ற ஆணையால் வந்த ஏற்பாடு இது. சேதக் காப்பீடோ பெரும்பாலும் முதலாண்டோடு நின்றுவிடுகிறது. செலவைக் குறைக்கக் குறைந்தபட்சக் காப்பீட்டை மட்டும் தொடரும் உரிமையாளர்கள், தாம் கைவிட்டது வண்டியின் உதிரிபாகச் செலவை மட்டுமே என எண்ணிக்கொள்கின்றனர்.

இரு வண்டிகளின் தவறும் சேர்ந்து விபத்து நேர்ந்தால் பின்னிருக்கைப் பயணிக்கு ஒரு நன்மை உண்டு. தவறு செய்தோருள் எவரிடமிருந்தும் முழுத்தொகையையும் அவர் பெறலாம் எனக் கென்யெய் வழக்கில் (2015) முடிவாயிற்று. ஓட்டுநருக்கு அந்நன்மை இல்லை. அவர் பங்குக்குரிய விழுக்காடு கழிக்கப்படும். தலைக்கவசம் அணியாமை, உரிமம் இன்மை, மூவர் பயணம் ஆகியவற்றைக் காட்டி இவ்விழுக்காட்டை உயர்த்தக் காப்பீட்டுத் தரப்பு முயல்வது வழக்கம். ஒரு மோட்டார் சைக்கிளில் மூவர் சென்ற முகமது சித்திக் வழக்கில் (2020) உச்ச நீதிமன்றம் தெளிவான அளவுகோல் ஒன்றை வகுத்தது: விதிமீறல் தண்டனைக்குரியதாகலாம், ஆனால் அது விபத்துக்கோ காயத்தின் கடுமைக்கோ காரணமானது எனக் காட்டாதவரை இழப்பீட்டைக் குறைக்க அது போதாது. இவ்வளவுகோலின்படி, தலைக்கவசம் இன்மை கால்முறிவுக்கான இழப்பீட்டைக் குறைக்கக் காரணமாகாது. தலைக்காயத்தில் அது வாதத்திற்குரியதாகிறது.

முதல் ஏடுகளின் சொற்கள்

தீர்ப்பாயத்தில் கவனக்குறைவை ஐயத்திற்கு அப்பாற்பட்டு மெய்ப்பிக்கத் தேவையில்லை. நிகழ்ந்திருக்கும் வாய்ப்பு மிகுதி எனக் காட்டினால் போதும். எனினும் அதற்கும் ஏடு வேண்டும். அவ்வேடுகளுள் முதலாவது பெரும்பாலும் காவல் நிலையத்தில் பிறப்பதில்லை. மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டில் பிறக்கிறது. அவசரச் சிகிச்சைப் பிரிவில் பணியிலுள்ள மருத்துவர் 'எப்படி அடிபட்டது' என்று கேட்டு ஒரு வரி எழுதுகிறார். விடை சொல்பவர் அடிபட்டவராக இராமல், அழைத்து வந்த அயலாராகவும் இருக்கலாம். 'வண்டியிலிருந்து விழுந்துவிட்டார்' என்று அவர் சொன்னால் ஏட்டில் 'தானாக விழுந்தது' என்ற பொருள்படப் பதிவாகிறது. தமிழில் 'விழுந்துவிட்டார்' என்னும் வினை யார் தள்ளினார் என்பதைச் சொல்வதில்லை. லாரி இடித்து விழுந்தவரும் விழுந்தவரே. ஈராண்டுகளுக்குப் பின் குறுக்கு விசாரணையில் அவ்வொரு வரி, 'வேறு வாகனம் மோதவே இல்லை' என்ற வாதத்தின் அடித்தளமாகிறது.

முதல் தகவல் அறிக்கையில் வேறொரு மரபு நிலவுகிறது. 'அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டிவந்து மோதி' என்பது தமிழ்நாட்டுக் காவல் நிலையப் புகார்களில் தேய்ந்துபோன வாய்பாடு. குற்றவியல் பிரிவின் சொற்களைத் தழுவிய இத்தொடர், 2024 ஜூலை 1 முதல் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 279ஆம் பிரிவுக்கு மாற்றாகப் பாரதிய நியாய சன்ஹிதாவின் 281ஆம் பிரிவு வந்த பின்னரும் மாறவில்லை. வாய்பாடு வழக்கைப் பதிவு செய்யப் போதும்; தீர்ப்பாயத்திற்குத் தேவையானவை அது விட்டுவிடும் செய்திகள்: வண்டி எந்தத் திசையில் சென்றது, எந்தப் பக்கம் இடிபட்டது, சாலைத் தடுப்பு எங்கே இருந்தது, விளக்கு எரிந்ததா என்பன. இவை பார்வை மகசரிலும் வரைபடத்திலும் இடம்பெற்றால் வாய்பாட்டின் வெறுமை ஓரளவு நிரம்பும்.

2022 ஏப்ரல் முதல் செயலிலுள்ள நடுவண் மோட்டார் வாகன விதிகள், விபத்தை அறிந்த 48 மணி நேரத்தில் முதல் விபத்து அறிக்கையையும், 50 நாள்களில் இடைக்கால அறிக்கையையும், 90 நாள்களில் விரிவான அறிக்கையையும் விசாரணை அலுவலர் தீர்ப்பாயத்திற்கு அனுப்ப வேண்டும் என்கின்றன. பாதிக்கப்பட்டோரின் உரிமைகளை விளக்கும் படிவத்தையும் அவர் வழங்க வேண்டும். கோகர் முகமது வழக்கில் (2022) உச்ச நீதிமன்றம் இவற்றை மாநிலங்கள் முழுமையாக நடைமுறைப்படுத்த உத்தரவிட்டது. விரிவான அறிக்கை கிடைத்த பின் காப்பீட்டு நிறுவனம் 30 நாள்களில் தன் முன்மொழிவைத் தெரிவிக்க வேண்டும். ஏட்டளவில் இது பாதிக்கப்பட்டவரை நோக்கி நீதிமன்றமே நடந்துவரும் ஏற்பாடு. இதன் பயன் காவல் நிலையத்தின் ஆள்வலிமையைப் பொறுத்தே அமைகிறது.

எங்கே, எப்போது

166ஆம் பிரிவின்படி விபத்து நிகழ்ந்த இடத்திலோ, கோரிக்கையாளர் வாழும் அல்லது தொழில் செய்யும் இடத்திலோ, எதிர்த்தரப்பினர் வாழும் இடத்திலோ உள்ள தீர்ப்பாயத்தில் மனு அளிக்கலாம். காட்டுப்பாக்கத்தில் வாழ்பவருக்கு அருகிலிருப்பவை பூந்தமல்லி நீதிமன்றங்கள். காப்பீட்டு நிறுவனத்தின் அலுவலகம் சென்னையில் இருப்பதைக் காட்டி, அங்கே தீர்ப்பாயமாகச் செயற்படும் சிறு வழக்குகள் நீதிமன்றத்தையும் நாடலாம். நிறுவனத்தின் அலுவலகம் இருக்கும் ஊரில் மனு ஏற்கத்தக்கது என்பது மாலதி சர்தார் வழக்கில் (2016) உறுதியானது. காவல் எல்லையோ வேறு: பூந்தமல்லி வட்டாரம் 2022 முதல் ஆவடி மாநகரக் காவல் ஆணையரகத்தின்கீழ் உள்ளது. முகவரியில் 'சென்னை' என்றும், வருவாய் ஏட்டில் 'திருவள்ளூர்' என்றும், காவல் ஏட்டில் 'ஆவடி' என்றும் எழுதப்படும் ஊரில், நகல் வாங்க எந்த அலுவலகம் செல்வது என்பதே பாதி அலைச்சல்.

கால வரம்பில் சட்டம் ஊசலாடியிருக்கிறது. 1988ஆம் ஆண்டுச் சட்டம் ஆறு மாத வரம்பை விதித்தது. 1994ஆம் ஆண்டுத் திருத்தம் அதனை நீக்கியது. 2019ஆம் ஆண்டுத் திருத்தம் 166(3) ஆம் உட்பிரிவாக அதனையே மீண்டும் கொண்டுவந்தது. கால் எலும்பு சேர்வதற்கே சிலருக்கு ஆறு மாதங்களுக்கு மேலாகிறது என்பதை நோக்க இது கடுமையான வரம்பே. இதன் செல்லுந்தன்மை உச்ச நீதிமன்றத்தில் எதிர்க்கப்பட்டது. கால வரம்பை மட்டும் காட்டி மனுக்களைத் தள்ளுபடி செய்ய வேண்டா என 2025 நவம்பரில் இடைக்கால உத்தரவு பிறந்தது. காவல் துறை அனுப்பும் விபத்து அறிக்கையையே மனுவாகக் கருத வேண்டும் என்னும் 166(4) ஆம் உட்பிரிவும் ஒரு பாதுகாப்பு. இவ்விரண்டையும் நம்பி ஆறு மாதத்தைக் கடத்துவது அறிவுடைமையாகாது.

உழைப்பின் மதிப்பும் இயலாமையின் கணக்கும்

தவறு மெய்ப்பிக்கப்பட்ட பின் எழும் வினா, எவ்வளவு என்பது. மருத்துவச் செலவு, போக்குவரத்து, சத்துணவு, உடனிருந்து கவனித்தோர் செலவு, வலி வேதனை, சிகிச்சைக் கால வருமான இழப்பு ஆகிய தலைப்புகளில் பெரிய மாறுபாடு நேர்வதில்லை, பற்றுச்சீட்டுகள் பேசிவிடும். தொகையின் பெரும்பகுதி 'எதிர்கால வருமான இழப்பு' என்னும் ஒரே தலைப்பில் தங்கியுள்ளது. தமிழ்நாட்டில் அதற்கு இருவழிகள் நடைமுறையில் உள்ளன.

ஒன்று, விழுக்காட்டு முறை. மருத்துவர் சான்றளித்த இயலாமையின் ஒவ்வொரு விழுக்காட்டிற்கும் சில ஆயிரம் ரூபாய் என ஒரு நிலையான தொகையைப் பெருக்கி வழங்குவது அது. மற்றொன்று, பெருக்கெண் முறை. ஆண்டு வருமானத்தை அகவைக்குரிய பெருக்கெண்ணால் பெருக்கி, வருமானம் ஈட்டும் ஆற்றலில் இழந்த விழுக்காட்டைக் கணக்கிடுவது. காயவழக்குகளில் பெருக்கெண்ணை இயந்திரம்போல் பயன்படுத்தலாகாது, வருமான இழப்பு காட்டப்பட்டால்தான் பயன்படுத்த வேண்டும் எனச் சென்னை உயர் நீதிமன்றம் வேலுசாமி வழக்கில் வரையறுத்தது. வரையறை நியாயமானதே. ஆயினும் இழப்பைக் காட்டும் சுமை கோரிக்கையாளர்மீது விழுகிறது; காட்டத் தெரியாதவர் விழுக்காட்டு முறையில் தங்கிவிடுகிறார்.

இவ்வேறுபாட்டின் அளவை ஒரு கற்பனை எடுத்துக்காட்டால் காணலாம். காட்டுப்பாக்கத்தில் வாடகை வீட்டில் வாழும் 32 அகவையுடைய டைல்ஸ் பதிப்பவர் ஒருவரின் வலது முழங்கால் மூட்டு, சரக்கு வண்டி மோதி நொறுங்குகிறது. நடக்க இயல்கிறது, முழங்காலை மடக்கிக் குந்தி உட்கார இயலவில்லை. மருத்துவச் சான்று 30 விழுக்காடு இயலாமை என்கிறது. விழுக்காட்டிற்கு 5,000 ரூபாய் எனக் கொண்டால் அவருக்குக் கிடைப்பது 1,50,000 ரூபாய்.

பெருக்கெண் முறையில் கணக்கு வேறாகிறது. மாத வருமானம் 15,000 எனத் தீர்ப்பாயம் ஏற்றால், சுயதொழில் செய்யும் 40 அகவைக்கு உட்பட்டவருக்கு எதிர்கால வளர்ச்சியாக 40 விழுக்காட்டைச் சேர்க்க வேண்டும் என்பது பிரணய் சேத்தி வழக்கில் (2017) ஐவர் அமர்வு வகுத்த நெறி. காயவழக்குகளுக்கும் இவ்வளர்ச்சி உரியது எனப் பப்பு தேவ் யாதவ் வழக்கில் (2020) விளக்கப்பட்டது. மாதம் 21,000; ஆண்டுக்கு 2,52,000. சர்லா வர்மா வழக்கின் (2009) அட்டவணைப்படி 31 முதல் 35 அகவைக்குப் பெருக்கெண் 16. மொத்தம் 40,32,000. வருமான ஆற்றலில் 30 விழுக்காடு இழப்பு என்றால் 12,09,600 ரூபாய்.

ஆனால் அவர் இழந்தது 30 விழுக்காடுதானா? டைல்ஸ் பதிப்பது முழந்தாளிட்டுச் செய்யும் வேலை. ராஜ்குமார் – அஜய்குமார் வழக்கில் (2010) உச்ச நீதிமன்றம் வகுத்த பகுப்பு இங்கே திறவுகோலாகிறது. ஓர் உறுப்பின் இயலாமை வேறு, முழு உடலின் இயலாமை வேறு, வருமானம் ஈட்டும் ஆற்றலின் இழப்பு வேறு. இடக்கையை இழந்த ஓட்டுநரோ தச்சரோ தம் தொழிலையே இழக்கலாம். அதே கையை இழந்த அரசு எழுத்தர் பணியில் தொடரலாம். உறுப்பு விழுக்காடுகளைக் கூட்டி முழு உடலுக்கு நூற்றுக்கு மேல் காட்டும் சான்றுகளையும் அத்தீர்ப்பு ஏற்கவில்லை. அணியமாக வழங்கப்படும் சான்றுகளை ஐயுற வேண்டும், சிகிச்சையளித்த மருத்துவரின் சாட்சியமே மேலானது என்றது. டைல்ஸ் பதிப்பவரின் தொழில்வழி இயலாமை 50 விழுக்காடு எனத் தீர்ப்பாயம் கண்டால் தொகை 20,16,000 ஆகிறது. அதே முழங்கால், அதே சான்று. ஒன்றரை இலட்சத்திலிருந்து இருபது இலட்சம் வரை.

இந்த இடைவெளியைக் கடக்க உதவுவது சாட்சியத்தில் கேட்கப்படும் எளிய வினாக்கள்: வேலை நின்றுகொண்டா, குந்திக்கொண்டா? ஒரு நாளில் எத்தனை சதுர அடி? இப்போது எத்தனை? உடன் வேலை செய்தவர் யார்? நடைமுறையில் கோரிக்கையாளரின் சான்று வாக்குமூலம் அச்சடித்த படிவம்போல் அமைந்து, 'என்னால் முன்போல் வேலை செய்ய முடியவில்லை' என்ற ஒற்றைத் தொடரோடு முடிந்துவிடுவதுண்டு. தொழிலின் உடல்மொழி ஏட்டில் ஏறாதபோது நீதிபதியின் முன் இருப்பது மருத்துவரின் எண் மட்டுமே.

வருமானச் சான்றும் அவ்வாறே. சம்பளச் சீட்டு இல்லாதவருக்குத் தீர்ப்பாயம் உத்தேச வருமானத்தைக் கொள்ளும். அமைப்புசாரா உழைப்பாளரிடம் வருமான ஆவணத்தை எதிர்பார்ப்பது நடைமுறைக்கு ஒவ்வாது எனச் சையத் சாதிக் வழக்கில் (2014) காய்கறி வணிகர் ஒருவருக்காக உச்ச நீதிமன்றம் கூறியது; ஆவணமின்றியே மாதம் 6,500 ரூபாய் ஏற்கப்பட்டது. ஆயினும் உத்தேசம் உத்தேசமே. மேற்கண்ட எடுத்துக்காட்டில் வருமானம் 15,000க்கு மாற்றாக 9,000 எனக் கொள்ளப்பட்டால், 30 விழுக்காட்டு இழப்பின் தொகை 7,25,760 ஆகச் சுருங்கும். வேறுபாடு 4,83,840 ரூபாய். கட்டுமானத் தொழிலாளர் நல வாரிய அட்டை, கைப்பேசிவழிப் பெற்ற கூலியின் வங்கிப் பதிவு, மேஸ்திரியின் கணக்குக் குறிப்பேடு, வேலை கொடுத்தவரின் நேர்ச்சாட்சியம் ஆகியவை இங்கே சம்பளச் சீட்டின் இடத்தை நிரப்பக்கூடியவை. வீட்டைக் கவனிக்கும் பெண்ணின் உழைப்புக்கும் உத்தேச வருமானம் உண்டு என்பது கீர்த்தி வழக்கில் (2021) வலியுறுத்தப்பட்டது. 'வேலை: இல்லை' என்று மனுவில் எழுதுவது அவ்வுரிமையைத் தொடக்கத்திலேயே மறைத்துவிடும்.

உயிரிழப்பில் கணக்கு ஓரளவு உறுதிப்பட்டுள்ளது. இறந்தவரின் சொந்தச் செலவாகச் சார்ந்தோர் இருவர் அல்லது மூவரானால் மூன்றில் ஒரு பங்கும், நால்வர் முதல் அறுவரானால் நான்கில் ஒரு பங்கும், மணமாகாதவரானால் பொதுவாகப் பாதியும் கழிக்கப்படும். இறுதிச்சடங்கு 15,000, உடைமை இழப்பு 15,000, துணை இழப்பு 40,000 எனப் பிரணய் சேத்தி வழக்கு நிறுவிய தொகைகள் மூன்றாண்டுக்கு ஒருமுறை 10 விழுக்காடு உயர்வன. துணை இழப்பு வாழ்க்கைத் துணைக்கு மட்டுமன்றி, பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும் உரியது என 2018இல் விரிந்தது.

மோதிய வண்டி தெரியாதபோது

இரவில் இடித்துவிட்டு நில்லாமல் சென்ற வண்டியின் எண்ணை எவரும் காணவில்லையெனில், 161ஆம் பிரிவின்கீழ் உயிரிழப்புக்கு 2 இலட்சமும் கொடுங்காயத்திற்கு 50,000 ரூபாயும் கிடைக்கும். 2022 ஏப்ரலுக்கு முன் இவை 25,000, 12,500 ஆக இருந்தன. இதற்கான விண்ணப்பம் தீர்ப்பாயத்திற்கன்று, வருவாய்த் துறையின் விசாரணை அலுவலருக்கு அளிக்கப்படுகிறது. மாவட்ட ஆட்சியர் ஒப்புதல் தருகிறார். இத்திட்டத்தை நாடுவோர் மிகச் சிலரே என்பதைச் சுட்டி, பாதிக்கப்பட்டோருக்குக் காவல் துறையே இதனைத் தெரிவிக்க வேண்டும் என 2024 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. கோவை எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரன் 2012இல் தொடுத்த பொதுநல வழக்கில் பிறந்த ஆணை அது. முன்னர்ச் சுட்டிய ஐந்தாண்டுக் காப்பீடும் அவ்வழக்கின் விளைவே. முறிந்த எலும்புகளைச் சேர்ப்பவர் சட்டத்தின் முறிவுகளையும் கண்டார் போலும்.

சாலைப் பள்ளமோ எச்சரிக்கைப் பலகையற்ற தோண்டலோ காரணமானால் தீர்ப்பாயம் பெரும்பாலும் துணைவாராது. சாலை அமைப்பிலும் பராமரிப்பிலும் தவறிய அதிகாரிக்கும் ஒப்பந்ததாரருக்கும் 198-ஏ பிரிவு 1 இலட்சம் ரூபாய் வரை தண்டம் விதிக்கிறது. அது நேரே அடிபட்டவர் கைக்குச் செல்வதில்லை. உரிமையியல் வழக்கோ உயர் நீதிமன்ற நீதிப்பேராணை மனுவோ வழியாகின்றன. ஒளிப்படமும் நாளும் அதற்கு இன்றியமையாதவை. பள்ளம் மறுவாரமே நிரப்பப்பட்டிருக்கும்.

தீர்ப்புக்குப் பின்

மக்கள் நீதிமன்றத்தில் உடன்பட்டு முடித்தால் தொகை விரைவாக வரும்; அத்தீர்வை எதிர்த்து மேல்முறையீடு இல்லை. ஆகையால் இயலாமை மதிப்பிடப்படுவதற்கு முன் உடன்படுவது 164ஆம் பிரிவில் கண்ட அதே இடரை உடையது. தீர்ப்பாயத்தின் முடிவை எதிர்த்து 90 நாள்களுக்குள் உயர் நீதிமன்றம் செல்லலாம். வழக்கிலுள்ள தொகை 1 இலட்சத்திற்குக் குறைவாயின் அவ்வழி இல்லை. வட்டி மனு நாளிலிருந்து கணக்கிடப்படும். தமிழ்நாட்டில் பெரும்பாலும் ஆண்டுக்கு 7.5 விழுக்காடு.

தொகை நீதிமன்றத்தில் செலுத்தப்பட்ட பின்னும் உரியவர் கைக்கு வாராமல் தங்குவதுண்டு. உரியவர் பெறாத பெருந்தொகைகள் தீர்ப்பாயங்களில் கிடப்பதை உச்ச நீதிமன்றம் தானாக எடுத்துக்கொண்ட வழக்கில் 2025 ஏப்ரலில் கவனித்து, கோரிக்கையாளரின் வங்கிக் கணக்கு, ஆதார் ஆகியவற்றை மனுவிலேயே பெறவும், உரியவரைத் தேடிச் சேர்க்கவும் நெறிகள் வகுத்தது. வாடகைக்குக் குடியிருப்போர் மிகுந்த காட்டுப்பாக்கம் போன்ற ஊரில் இது முகவரிச் சிக்கல். மனு அளித்தபோது இருந்த வீட்டைத் தீர்ப்பு வரும்போது குடும்பம் காலி செய்திருக்கும். அழைப்பாணை பழைய கதவிலக்கத்துக்குச் சென்று 'அவ்விடம் இல்லை' என்ற குறிப்புடன் பூந்தமல்லிக்கே திரும்பும்.